ஆல்-கான்ஃபரன்ஸ் பட்டியல்கள்: 1950களின் கல்லூரி ஆட்டக்காரரை எதை வைத்து எடைபோடுவது?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், 1951-ஆம் ஆண்டு பிக் டென் என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் (கான்ஃபரன்ஸ்) ஆட்டங்களில் ஐயோவா பல்கலைக்கழகம் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு பிக் டென்னின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது ஐயோவாவின் ஃபுல்பேக் பில் ரைக்கார்ட்டுக்குத்தான் கிடைத்தது. சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் 1924 முதல் கொடுத்துவரும் சில்வர் ஃபுட்பால் விருது அது. முதல் ஆண்டு அதை வாங்கியவர் ரெட் கிரேஞ்ச். கடைசி இடத்தில் கிடந்த அணியின் ஆள் எப்படி அந்த வரிசைக்கு வந்தார்?

அந்த விருதில் முதல் வாக்கு கூட ஆடியவர்களுடையது. ஒவ்வொரு கல்லூரி அணியும் தனக்குள் வாக்கெடுத்து ஒருவரைச் சொல்லும். அப்படி வந்த பெயர்களிலிருந்து ஒரு குழு ஒருவரைப் பொறுக்கும். ஆகவே தோற்ற அணியிலிருந்தும் ஒரு பெயர் கட்டாயம் குழுவின் மேசைக்கு வந்துவிடும். பத்திரிகை எழுத்தாளர்களிடம் மட்டும் விட்டிருந்தால், வெற்றியே இல்லாத அணியின் ஃபுல்பேக்கை எத்தனை பேர் முதலில் எழுதியிருப்பார்கள் என்பது சந்தேகம்தான்.

யார் வாக்களித்தார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. பழைய அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றி எழுதுகிறவர்கள், பழைய ஆட்டக்காரர்களின் அட்டைகளைச் சேகரிக்கிறவர்கள், விக்கிப்பீடியாவுக்கு வாழ்க்கைக் குறிப்பு தயாரிக்கிறவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் இங்கே வந்து நிற்பார்கள். ஒரே ஆட்டக்காரருக்கு ஒரே ஆண்டில், பருவ முடிவில் வரும் சிறந்தவர் பட்டியல்களில் ஒன்று முதல் அணியில் இடம் தருகிறது, இன்னொன்று இரண்டாம் அணிக்குத் தள்ளுகிறது. இதில் எதைக் கணக்கில் எடுப்பது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்வரிசையில் மோதுகிற லைன்மேனாக (கார்டு, டேக்கிள், சென்டர்) இருந்தால் பயிற்சியாளர்கள் வாக்களித்த பட்டியலைத்தான் எடுப்பேன். பந்தோடு ஓடுகிறவர் (ஃபுல்பேக், ஹாஃப்பேக்), பந்தை எறிகிறவர் (குவார்ட்டர்பேக்) என்றால் பட்டியல் எனக்கு இரண்டாம்பட்சம். அவருக்கு எண்கள் இருக்கின்றன. எந்த ஆட்டக்காரராக இருந்தாலும், எந்த ஆண்டு என்று பார்க்காமல் பட்டியலைத் தொடவே மாட்டேன்.

சரி, இந்த விளையாட்டு அதிகம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். அன்றைக்குக் கான்ஃபரன்ஸ் என்பது பக்கத்து மாநிலக் கல்லூரிகள் சேர்ந்து அமைத்துக்கொண்ட ஒரு கூட்டமைப்பு. மத்திய மேற்கில் பிக் டென், தெற்கில் 1932 டிசம்பரில் உருவான சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ், டெக்சாஸ் பக்கம் சவுத்வெஸ்ட், மேற்குக் கரையில் பசிபிக் கோஸ்ட். பருவம் முடிந்ததும் ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் இடத்துக்கு ஒருவராகச் சிறந்தவர்களைப் பொறுக்கி ஒரு கற்பனை அணியை வெளியிடுவார்கள். அதுதான் ஆல்-கான்ஃபரன்ஸ் அணி. துலீப் கோப்பைக்கு மண்டல அணி எடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த அணி ஒருநாளும் களத்தில் இறங்காது. செய்தித்தாளில் ஒரு பத்தி, அதோடு சரி. தேசிய அளவில் பொறுக்கினால் அதன் பெயர் ஆல்-அமெரிக்கா.

தேசியப் பட்டியலுக்காவது ஒரு பொதுக் கணக்கு உண்டு. பல பட்டியல்களைச் சேர்த்துப் பார்த்து, பெரும்பாலோர் ஒப்புக்கொண்டவர்கள் யார் என்று, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசிய அமைப்பான என்சிஏஏ பதிவு செய்துவைத்திருக்கிறது. கான்ஃபரன்ஸ் அளவில் அப்படி ஒரு நடுவர் கிடையாது. செய்தி நிறுவனங்களில் அசோசியேட்டட் பிரஸ் (ஏபி) ஒன்று வெளியிடும், யுனைட்டட் பிரஸ் (யூபி) ஒன்று வெளியிடும், சில இடங்களில் பயிற்சியாளர்கள் தனியாக ஒன்று வெளியிடுவார்கள். இரண்டு மூன்று பட்டியல்களும் அக்கம்பக்கமாக நிற்கும், எதுவும் மற்றதை ரத்து செய்யாது.

எழுத்தாளர்களா, பயிற்சியாளர்களா?

எழுத்தாளர் பட்டியலின் பலம் அதன் பரப்பு. ஒரு செய்தி நிறுவனத்தின் வட்டார அலுவலகம், கான்ஃபரன்ஸ் முழுவதும் உள்ள நாளிதழ்களின் விளையாட்டு நிருபர்களிடம் வாக்குக் கேட்கிறது. ஒருவருடைய சொந்த ஊர்ப் பாசத்தை இன்னொருவருடைய ஊர்ப் பாசம் அடித்துவிடும். இந்த ஆளோடு அடுத்த ஆண்டு மோத வேண்டுமே என்ற கவலையும் நிருபருக்குக் கிடையாது.

ஆனால் 1950களில் ஒரு நிருபர் எத்தனை ஆட்டம் பார்த்திருப்பார்? எல்லா ஆட்டங்களும் சனிக்கிழமை மதியம், ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடந்தன. அவர் தன் ஊர் அணியோடு போவார். தொலைக்காட்சியில் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது: அரங்குக்குக் கூட்டம் குறைந்துவிடும் என்று பயந்து என்சிஏஏ ஒளிபரப்புக்குக் கடிவாளம் போட்டிருந்த காலம் அது. 1952-இலிருந்து வாரத்துக்கு ஒரு தேசிய ஒளிபரப்பு என்பதுதான் பொதுவான ஏற்பாடு. ஆக ஒரு பருவத்தில் தன் ஊர் அணி, அதை எதிர்த்து ஆடிய அணிகள், இவ்வளவுதான் அவர் கண்ணால் கண்டது. மற்றவர்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்த ஆட்ட விவரமும் எண்களும், சக நிருபர் சொன்ன கதையும்தான். ஆட்ட விவரத்தில் யார் பெயர் வரும்? டச்டவுன் போட்டுப் புள்ளி சேர்த்தவர் பெயர். அவருக்கு வழி திறந்துவிட்ட கார்டு பெயர் வராது.

பயிற்சியாளருக்கு அந்தக் கார்டு பெயர் நன்றாகத் தெரியும். ஒரு வாரம் முழுக்க எதிரணியின் ஆட்டப் படச்சுருளை முன்னும் பின்னுமாக ஓட்டிப் பார்த்து, இந்த ஆளை எப்படித் தடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டவர் அவர். எதிரணியின் ஆட்டத்தை நேரில் பார்த்துக் குறிப்பெடுத்து வர ஆளும் அனுப்பியிருப்பார். எதிரணி டேக்கிள் பக்கம் ஆட்டத்தையே கொண்டுபோக வேண்டாம் என்று தன் பையன்களிடம் சொன்னவருக்கு, அந்த டேக்கிளின் மதிப்பு என்ன என்று ஒரு நிருபர் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

அவர் வாக்கிலும் ஓட்டை உண்டு. கான்ஃபரன்ஸில் எல்லா அணிகளும் எல்லா அணிகளோடும் ஆடவில்லை. சவுத்ஈஸ்டர்னில் இது மிக மோசம். கல்லூரிகள் தங்களுக்குள் பேசி ஆட்டங்களை வைத்துக்கொண்டன. 1964 ஜனவரி 1-ஆம் தேதி நடந்த ஷுகர் பவுல் என்ற பருவத்துக்குப் பிந்தைய ஆட்டத்தில் மோதிய அலபாமாவும் மிசிசிப்பியும் ஒரே கான்ஃபரன்ஸ் அணிகள்தான். ஆனால் அதற்கு முந்தைய வழக்கமான பருவத்தில் இரண்டும் சந்திக்கவே இல்லை. அப்படிச் சந்திக்காத அணியின் ஆட்டக்காரருக்கு வாக்களிக்கும்போது பயிற்சியாளரும் நிருபர் போலத்தான், பத்திரிகை படித்துவிட்டு எழுதுகிறார்.

தெற்கின் இன்னொரு கூட்டமைப்பான சதர்ன் கான்ஃபரன்ஸில் 1952-இல் இது உச்சத்துக்குப் போனது. பருவத்துக்குப் பிந்தைய பவுல் ஆட்டங்களுக்குப் போகக் கூடாது என்று கான்ஃபரன்ஸ் தடை போட்டிருந்தது. மேரிலாந்தும் கிளெம்சனும் அதை மீறிப் போய் ஆடின. தண்டனையாக 1952-இல் மற்ற கான்ஃபரன்ஸ் அணிகளோடு ஆட அவற்றுக்குத் தடை விதித்தார்கள். அந்த ஆண்டு மேரிலாந்தில் இருந்தவர்கள் சாதாரண ஆட்களா? குவார்ட்டர்பேக் ஜாக் ஸ்கார்பத், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கில் இரண்டாவதாக வந்தார். டேக்கிள் டிக் மோட்செலெவ்ஸ்கி, நாட்டின் சிறந்த லைன்மேனுக்கான அவுட்லேண்ட் கோப்பையையே வாங்கினார். கான்ஃபரன்ஸின் பெரும்பாலான பயிற்சியாளர்கள் அந்தப் பருவத்தில் இவர்களைக் களத்தில் எதிர்கொள்ளவே இல்லை. இப்படிப்பட்ட ஒரு ஆண்டில் மட்டும் நான் பயிற்சியாளர் பட்டியலுக்குக் கொடுக்கும் முன்னுரிமையை எடுத்துவிடுவேன். அடுத்த ஆண்டே ஏழு கல்லூரிகள் சதர்னை விட்டு வெளியேறி அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸைத் தொடங்கின என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஏபி என்றால் எழுத்தாளர்கள், யூபி என்றால் பயிற்சியாளர்கள் என்று பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது தேசிய தரவரிசையிலிருந்து வந்த பழக்கம்: ஏபி 1936 முதல் எழுத்தாளர்களிடம் வாக்கெடுத்தது, யூபி 1950 முதல் பயிற்சியாளர்களிடம். கான்ஃபரன்ஸ் பட்டியலுக்கு இந்தச் சூத்திரத்தை அப்படியே பொருத்த முடியாது. ஒரே நிறுவனம் ஒரு கான்ஃபரன்ஸில் பயிற்சியாளர்களைக் கேட்கும், இன்னொன்றில் நிருபர்களைக் கேட்கும், ஆண்டுக்கு ஆண்டு முறையை மாற்றவும் செய்யும். நிறுவனத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், அந்த ஆண்டுப் பத்திரிகைச் செய்தியின் முதல் பத்தியைத் தேடிப் படியுங்கள். யாரிடம் வாக்கெடுத்தார்கள் என்பது பெரும்பாலும் அங்கேயே இருக்கும். 1958-இல் யூபியும் இன்டர்நேஷனல் நியூஸ் சர்வீஸும் இணைந்து யூபிஐ ஆகிவிட்டன. அதனால் அதற்குப் பிறகு எடுத்தெண்ண ஒரு பட்டியல் குறைகிறது. 1957-இல் மூன்று நிறுவனமும் தேர்ந்தெடுத்தவரையும் 1959-இல் இரண்டு நிறுவனமும் தேர்ந்தெடுத்தவரையும் வைத்து, முன்னவர் ஒரு படி மேல் என்று சொல்வது அபத்தம்.

லைன்மேன்களுக்கு வேறு சாட்சி இல்லை

என்சிஏஏ 1937 முதல் அதிகாரபூர்வமாகத் தனிநபர் எண்களைத் தொகுக்கிறது. எத்தனை கெஜம் ஓடினார், எத்தனை பாஸ் எறிந்தார், எத்தனை பிடித்தார் என்பதெல்லாம் கிடைக்கும். 1951-இல் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஆலி மேட்சன் 1,566 கெஜம் ஓடி நாட்டிலேயே முதலிடம் பிடித்தார் என்று இன்றைக்கும் ஒரே வரியில் சொல்லிவிட முடிகிறது. கார்டு, டேக்கிள், சென்டர் இவர்களுக்கு அப்படி ஒரு வரி கிடையாது. எதிராளியை மடக்கிப் பிடித்த கணக்கைக்கூட அன்றைக்கு ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை.

ஆகவே ஒரு ஹாஃப்பேக்குக்கு ஆல்-கான்ஃபரன்ஸ் இடம் கிடைக்காமல் போனால் பெரிய நஷ்டம் இல்லை. எண்கள் அவருக்காகப் பேசும். கார்டுக்கு அது போனால் எல்லாமே போயிற்று. அந்தப் பட்டியல்தான் அவர் நன்றாக ஆடினார் என்பதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே ஆவணம். வாக்களித்தவர் யார் என்று லைன்மேன் விஷயத்தில் நான் பிடிவாதமாகக் கேட்பது இதனால்தான்.

பயிற்சியாளர் வாக்கை நான் நம்புவதற்கு இன்னொரு ஆதாரம் ஜேக்கப்ஸ் பிளாக்கிங் கோப்பை. தெற்குக் கான்ஃபரன்ஸ்களில், பந்தைத் தொடாமல் வழி திறந்துவிடுகிற ஆளுக்கென்றே கொடுத்த கோப்பை இது. இப்படி ஒரு வேலையைக் கவனித்து ஒருவரைச் சொல்ல பயிற்சியாளர்களை விட்டால் வேறு யாரால் முடியும்? ஒரு சவுத்ஈஸ்டர்ன் ஆட்டக்காரரின் பெயரோடு இந்தக் கோப்பை இருந்தால், ஆல்-கான்ஃபரன்ஸில் அவர் இரண்டாம் அணியில் இருந்தாலும் நான் அவரை மேலே ஏற்றுவேன்.

எழுத்தாளர்கள் லைன்மேனைப் பார்ப்பதே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. மின்னசோட்டாவின் கார்டு டாம் பிரவுன் 1960-இல் சில்வர் ஃபுட்பாலும் அவுட்லேண்ட் கோப்பையும் வாங்கினார். ஹைஸ்மன் வாக்கில் கடற்படைக் கல்லூரியின் ஜோ பெல்லினோவுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார். ஆனால் அந்த ஆண்டு மின்னசோட்டாவைத்தான் தேசிய சாம்பியன் என்று அறிவித்தார்கள். அதே பிரவுன் கடைசி இடத்து அணியில் ஆடியிருந்தால் எழுத்தாளர்கள் அவரைத் தேடிப் போயிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். பயிற்சியாளர்கள் போயிருப்பார்கள், அவரால் அடிவாங்கியவர்கள் அவர்கள்தானே.

1953: பாதியாகச் சுருங்கிய இடங்கள்

இந்தக் காலத்துப் பட்டியல்களை ஒப்பிடுகிறவர்கள் மிக அதிகமாகத் தவறவிடுவது இந்த விதி மாற்றத்தைத்தான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1941-இல் ஆட்டக்காரர்களை மாற்றும் விதியைத் தளர்த்தினார்கள். போர்க்காலத்தில் பல கல்லூரிகளில் அனுபவசாலிகள் இல்லை. 1945-இல் மிச்சிகனின் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரிஸ்லர், பலசாலியான ராணுவக் கல்லூரி அணியைச் சமாளிக்க, தாக்குவதற்கு ஒரு கூட்டம், தடுப்பதற்கு இன்னொரு கூட்டம் என்று பிரித்து இறக்கினார். ஆட்டத்தில் தோற்றாலும் யோசனை பிடித்துக்கொண்டது. 1950களின் தொடக்கத்தில் இது பொது வழக்கமாகி, பட்டியல்களும் தாக்குதல் அணி, தடுப்பு அணி என்று இரண்டாகி, 22 பேருக்கு இடம் வந்தது.

1953-இல் விதியை மாற்றி அதை ஒழித்தார்கள். செலவு தாங்கவில்லை என்பது சிறிய கல்லூரிகளின் புலம்பல். மறுபடியும் ஒரே ஆள் இரண்டு பக்கமும் ஆட வேண்டும். பட்டியல் 11 பேருக்குச் சுருங்கியது. 1960களின் நடுவில் கட்டுப்பாட்டை முழுதாக நீக்கும்வரை ஏறக்குறைய இதுதான் நிலை.

1952-இல் முதல் அணியில் இருந்த கார்டையும் 1954-இல் முதல் அணியில் இருந்த கார்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. முன்னவருக்குப் போட்டி, தாக்குதல் கார்டுகளோடு மட்டும். தடுக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பின்னவர் இரண்டும் செய்திருக்க வேண்டும், இடமும் பாதி. 1954-இல் இரண்டாம் அணிக்குப் போனவர், பிறந்த வேளை நன்றாக இருந்து 1952-இல் ஆடியிருந்தால் முதல் அணியில் இருந்திருப்பார். நான் எழுதும்போது 1953 முதல் 1963 வரை இரண்டாம் அணி இடத்தையும், 1950 முதல் 1952 வரை முதல் அணி இடத்தையும் ஏறத்தாழச் சமமாகவே எடுத்துக்கொள்கிறேன். கறாரான கணக்கு இல்லை இது; ஆனால் எதுவும் செய்யாமல் விடுவதைவிட நியாயமானது.

இன்னொரு பக்கமும் உண்டு. முதலாண்டு மாணவர்கள் பெரிய அணியில் ஆட அப்போது அனுமதி இல்லை. உலகப் போரின்போதும் கொரியப் போரின்போதும் கொஞ்ச காலம் தளர்த்தினார்கள். அதைப் பயன்படுத்தித்தான் விஸ்கான்சினின் ஆலன் அமீச்சி 1951-இல் முதலாண்டிலேயே ஆடினார். மற்றபடி 1972 வரை ஒருவருக்கு மூன்று பருவம்தான். ஆகவே 1950களில் மூன்று முறை ஆல்-கான்ஃபரன்ஸ் என்றால் ஒருநாளும் தவறவிடவில்லை என்று பொருள். பின்னாளில் நான்கு பருவத்தில் மூன்று முறை வந்தவரை இவரோடு சமமாக நிறுத்துவது சரியல்ல.

இடங்களின் பெயர்களும் ஏமாற்றும். டென்னசி அணி 1956-இலும் பழைய சிங்கிள் விங் முறையில்தான் ஆடியது. அதன் நட்சத்திரம் ஜானி மேஜர்ஸ் ஒரு டெயில்பேக். எறிவது, ஓடுவது, உதைப்பது மூன்றும் அவர் பொறுப்பு. சிங்கிள் விங்கில் குவார்ட்டர்பேக் என்றால் பெரும்பாலும் வழி திறந்துவிடுகிற ஆள். ஒரு பட்டியலில், முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் நான்கு பேக் இடங்களும் பொதுவாக இருந்தால் மேஜர்ஸ் போன்றவருக்குச் சிக்கல் இல்லை. ஒரு குவார்ட்டர்பேக், இரண்டு ஹாஃப்பேக், ஒரு ஃபுல்பேக் என்று பிரித்திருந்தால், நல்ல குவார்ட்டர்பேக்குகள் நிறைந்த ஆண்டில் ஒருவர் போக மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

எந்தக் கான்ஃபரன்ஸ் என்பதும் கணக்கில் வரும்

1952-இல் சதர்ன் கான்ஃபரன்ஸில் 17 அணிகள். ஓக்லஹோமா ஆடிய பிக் செவன் கான்ஃபரன்ஸில் ஏழு. ஒரு பட்டியலுக்கு எத்தனை இடம் என்பது இரண்டுக்கும் ஒன்றுதான். ஆக இங்கே 17 பேரில் ஒருவர், அங்கே ஏழு பேரில் ஒருவர். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சதர்னில் இடம் பிடிப்பதுதான் கடினம். ஆனால் அந்த 17-இல் பல சின்னக் கல்லூரிகள்.

பிக் செவனில் கதை வேறு. பட் வில்கின்சனின் ஓக்லஹோமா 1953-இலிருந்து 1957 நவம்பரில் நோட்டர் டேமிடம் 7-0 என்று தோற்கும்வரை தொடர்ச்சியாக 47 ஆட்டங்களை ஜெயித்தது. கான்ஃபரன்ஸுக்குள் 1959 அக்டோபரில் நெப்ராஸ்காவிடம் 25-21 என்று விழும்வரை பல ஆண்டுகள் தோல்வியே காணவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஓக்லஹோமாவின் தொடக்க அணிக்குள் நுழைவதே ஆல்-கான்ஃபரன்ஸைவிடப் பெரிய தேர்வு. அங்கே இரண்டாம் கூட்டத்தில் ஆடியவர் வேறு அணியில் இருந்திருந்தால் பட்டியலில் வந்திருப்பார். எதிர்ப்பக்கமும் உண்டு: அந்த ஆண்டுகளில் கேன்சஸ் ஸ்டேட் போன்ற அணியிலிருந்து ஒரு லைன்மேன் இடம் பிடித்தால், ஓக்லஹோமா ஆளைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தவர் அவர். நான் அவரை இரண்டு முறை திரும்பிப் பார்ப்பேன்.

கான்ஃபரன்ஸே இல்லாதவர்கள்? 1956 ஹைஸ்மன் விருது பால் ஹார்னங்குக்குக் கிடைத்தது. மேஜர்ஸ் இரண்டாவது. ஹார்னங்கின் நோட்டர் டேம் அந்த ஆண்டு ஆடிய பத்தில் எட்டில் தோற்றது. நோட்டர் டேம் எந்தக் கான்ஃபரன்ஸிலும் இல்லாததால் அவருடைய குறிப்பில் ஆல்-கான்ஃபரன்ஸ் என்ற வரியே இருக்காது. சிரக்யூஸின் ஜிம் பிரவுன், எர்னி டேவிஸ், ராணுவக் கல்லூரியின் பீட் டாக்கின்ஸ், லூயிவில்லின் ஜானி யூனைட்டஸ் எல்லாரும் இந்த வகைதான். ஆலி மேட்சனும் அப்படியே. 1951-இல் ஒன்பது ஆட்டமும் ஜெயித்த அவருடைய அணியை எந்தப் பவுலுக்கும் கூப்பிடவில்லை, காரணம் மேட்சனும் பர்ல் டோலரும் கறுப்பினத்தவர்கள். இவர்களை எடைபோட, ஆல்-ஈஸ்ட் மாதிரியான வட்டாரப் பட்டியலையோ, பருவ முடிவில் எதிரணி ஆட்டக்காரர்கள் வாக்களித்துச் சொல்லும் ஆல்-ஆப்போனன்ட் அணிகளையோதான் பார்க்க வேண்டும். பின்னது அதிகம் கவனிக்கப்படாத பொக்கிஷம். மூக்கு உடைபட்டவனே யாரால் உடைபட்டது என்று சொல்கிறான்.

நிறவெறியை விட்டுவிட்டுத் தெற்குப் பட்டியல்களைப் பற்றிப் பேசவே முடியாது. சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் ஆட்டத்தில் முதல் கறுப்பின ஆட்டக்காரர் களம் இறங்கியது 1967-இல், கென்டக்கியின் நேட் நார்த்திங்டன். அட்லாண்டிக் கோஸ்ட்டில் மேரிலாந்தின் டாரில் ஹில், 1963. சவுத்வெஸ்ட்டில் எஸ்எம்யூவின் (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்) ஜெர்ரி லீவியஸ் 1966-இல் ஆடத் தொடங்கி மூன்று முறை ஆல்-கான்ஃபரன்ஸ் ஆனார். பிக் எய்ட்டில் (பிக் செவனின் பின்னாளைய பெயர்) ஓக்லஹோமாவின் பிரென்டிஸ் கவுட் அதற்கு முன்பே, 1958-இலும் 1959-இலும் இடம்பிடித்திருந்தார். ஆக, 1955-இன் ஆல்-சவுத்ஈஸ்டர்ன் அணி என்பது அந்த வட்டாரத்தின் சிறந்த 11 பேர் அல்ல. அந்த ஊர்களின் கறுப்பினப் பையன்கள் கிராம்ப்ளிங் போன்ற கறுப்பினக் கல்லூரிகளில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கல்லூரிகளுக்கும் சொந்தக் கான்ஃபரன்ஸ்கள் இருந்தன, ஆல்-கான்ஃபரன்ஸ் அணிகள் இருந்தன. பிட்ஸ்பர்க் கூரியர் வார இதழ் அவர்களுக்கென்று தனியாக ஆல்-அமெரிக்கா அணியும் வெளியிட்டது. ஏபி, யூபி பட்டியலை மட்டும் வைத்து ஒரு மாநிலத்தின் சிறந்த டேக்கிள் யார் என்று எழுதினால் பாதி ஊரைப் பார்க்காமல் எழுதியதாகும். ஏஎஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைப் பொறுக்கிய 1963 டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்தது கிராம்ப்ளிங்கின் பக் புக்கானனைத்தான்.

அப்படியானால் இதையெல்லாம் விட்டுவிட்டு ஆல்-அமெரிக்காவை மட்டும் எண்ணினால் என்ன என்று கேட்கலாம். கல்லூரிக் கால்பந்து புகழரங்கம் அப்படித்தான் செய்கிறது: என்சிஏஏ ஏற்றுக்கொண்ட ஏதாவது ஒரு தேசியப் பட்டியலில் முதல் அணியில் இருந்தவரைத்தான் அது பரிசீலிக்கும். கான்ஃபரன்ஸ் இடம் எத்தனை இருந்தாலும் போதாது. உங்கள் கேள்வி புகழரங்கத் தகுதி பற்றியது என்றால் இந்தக் கட்டுரையில் இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாம். ஆனால் நிருபருக்குத் தன் வட்டாரமே முழுதாகத் தெரியாத காலத்தில் நாடு முழுவதும் தெரிந்திருக்குமா? தேசியப் பட்டியல் பெரும்பாலும் பிரபலத்தின் பட்டியல். அதில் வராத நூற்றுக்கணக்கான நல்ல ஆட்டக்காரர்களைத் தெரிந்துகொள்ள கான்ஃபரன்ஸ் பட்டியல்தான் வழி.

தொழில்முறை ஆட்டத்தில் பின்னாளில் சாதித்ததை வைத்துப் பழைய பட்டியலைத் திருத்துகிற பழக்கமும் வேண்டாம். பார்ட் ஸ்டார் 1956 டிராஃப்டில் 200-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். அவருடைய கடைசி ஆண்டில் அலபாமா பத்து ஆட்டத்திலும் தோற்றது, அவர் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தார். கிரீன் பே தொழில்முறை அணியில் அவர் ஜெயித்ததை வைத்து 1955-இல் வாக்களித்தவர்கள் குருடர்கள் என்று சொல்வது அநியாயம். அவர்கள் பார்த்தது 1955-ஐ. பவுல் ஆட்டங்களைக்கூட அவர்கள் பார்த்திருக்கவில்லை. பட்டியல்கள் ஜனவரிக்கு முன்பே வெளியாகிவிடும்.

அப்புறம், எழுதும்போது நான் செய்வது இதுதான். பட்டியலின் பெயர், ஆண்டு, முதல் அணியா இரண்டாவதா, வாக்களித்தவர்கள் யார் என்று நான்கையும் சேர்த்தே குறிப்பேன். வெறுமனே ஆல்-கான்ஃபரன்ஸ் என்று எழுத மாட்டேன், ஏனென்றால் கல்லூரிக் கையேடுகளும் இரங்கல் செய்திகளும் கௌரவக் குறிப்பில் வந்த பெயரைக்கூட அந்த ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. கௌரவக் குறிப்பு என்றால் பத்திரிகையின் கடைசிப் பத்தியில் பொடி எழுத்தில் வரும் நீண்ட பெயர் வரிசை. சில வாக்குகள் விழுந்தாலே அதில் வந்துவிடலாம். இரண்டு பட்டியல்கள் முரண்பட்டால் இரண்டையும் எழுதுவேன். ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்தால், சென்டர் முதல் டேக்கிள் வரை பயிற்சியாளர் பக்கம் சாய்வேன். முன்வரிசையின் ஓரத்தில், எண்டு இடத்தில் ஆடுகிறவர் பந்தைப் பிடிக்கவும் செய்வார் என்பதால் எண்களையும் சேர்த்துப் பார்ப்பேன். பேக்குகளுக்கு முதலில் எண்கள், பிறகு கூட ஆடியவர்களின் வாக்கு, கடைசியில்தான் எழுத்தாளர்கள்.

இந்த முறையை 1953-1963 காலத்துக்குத்தான் நான் முழுதாக நம்புகிறேன். 1965-க்குப் பிறகு பட்டியல் மறுபடியும் 22 பேருக்குப் போகிறது, உதைப்பவருக்கும் தனி இடம் வருகிறது. அங்கே கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.